பெயர் யார் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாட்டின் விளைபொருட்களை உலகச் சந்தையில் எப்படி விற்பது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்காட்சி, விளம்பரம், நல்ல உறை, இணைய விற்பனை என்று நிறைய யோசனைகள் இருந்தன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பொருளின் பெயர் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எங்குமே வரவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

மூட்டையாகக் கப்பலேறும் பொருளுக்கு முகம் கிடையாது. வாங்குபவர் அதை வேறு நாட்டுச் சரக்கோடு கலந்து, தன் பெயரைப் போட்டு விற்றுக்கொள்வார். அடுத்த வருடம் வேறெங்காவது கொஞ்சம் மலிவாகக் கிடைத்தால் அங்கே போய்விடுவார். சரக்கு மாறியது சாப்பிடுபவருக்குத் தெரியவே தெரியாது. விலை கேட்டு வாங்கும் பலம் விவசாயிக்கு எங்கிருந்து வரும்?

கொலம்பியாவின் காப்பி விவசாயிகள் 1927-லேயே தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பை அமைத்தார்கள். 1959-ல் ஹுவான் வால்டெஸ் என்ற கற்பனை விவசாயியைக் கோவேறு கழுதையோடு அமெரிக்க விளம்பரங்களில் நிறுத்தினார்கள். சந்தைப்படுத்தல் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாடு. பணம் காப்பி ஏற்றுமதியிலிருந்தே பிடித்த பங்களிப்பிலிருந்து வந்தது. கப்பலேறும் கொட்டையின் தரத்தைக் கூட்டமைப்பு சோதித்தது. முத்திரையும் கூட்டமைப்பினுடையது, முழுக்கக் கொலம்பியக் காப்பி என்றால்தான் அதைப் போடலாம்.

பெயரைக் காப்பாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிவிப் பழமே சாட்சி. சீனாவிலிருந்து போன அந்தப் பழத்துக்கு 1959-ல் இந்தப் பெயரை வைத்தவர்கள் நியூசிலாந்து ஏற்றுமதியாளர்கள். பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது. எந்த நாட்டில் விளைந்தாலும் இன்று அது கிவிதான். கடைசியில் 1997-ல் ஸெஸ்ப்ரி என்ற புதுப் பெயரை உருவாக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எத்தியோப்பியா இன்னொரு வழியில் போனது. சிடாமோ, ஹரார், யிர்காசெஃப் ஆகிய தன் காப்பிப் பெயர்களை அமெரிக்காவில் வணிக முத்திரையாகப் பதிய 2005-ல் விண்ணப்பித்தது. அங்குள்ள காப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. விட்டுக்கொடுக்காமல் நின்று 2007-ல் ஸ்டார்பக்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் காப்பி நிறுவனத்தோடு அந்தப் பெயர்கள் பற்றி உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஏழை நாடு இவ்வளவு தூரம் போராடியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.

சரி, பெயரைப் பதிந்துவிட்டால் போதுமா? போதாது. காயாத சரக்கில் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும். ஒரு நாட்டின் குறிப்பிட்ட பொருளில் அது திரும்பத் திரும்பத் தென்பட்டால், ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டிலிருந்து வரும் அந்தப் பொருள் முழுவதற்குமே சோதனையைக் கூட்டுகிறது. ஒருவர் ஈரத்தோடு கட்டிய மூட்டைக்காக, ஒழுங்காகக் காயவைத்தவரின் சரக்கும் துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் எவ்வளவு பெரிய விளம்பரம் கொடுத்திருந்தாலும் வாங்குபவரின் நம்பிக்கை போய்விடும்.

அதனால் விளம்பரத்துக்கு ஒதுக்கும் தொகையில் முதல் பங்கு உலர்களத்துக்கும், தரம் பிரிக்கும் கூடத்துக்கும், விளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சோதனைக் கூடத்துக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முத்திரையை வழங்கும் குழுவில் விவசாயிகளே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். தவறு செய்தவரிடமிருந்து, அவர் எவ்வளவு பெரிய ஏற்றுமதியாளராக இருந்தாலும், முத்திரையைத் திரும்பப் பெறும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு வேண்டும். அப்புறம் கண்காட்சிக்குப் போகலாம்.

இந்தப் பொருளில் நீங்கள் தொடர்ந்து எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த கட்டுரைக்கு ஏற்றுமதியாளர்களோடு மட்டும் பேசாமல், அறுவடை முடிந்து சரக்கைக் காயவைத்துக்கொண்டிருக்கும் விவசாயிகளிடமும் போய்க் கேளுங்கள். தங்கள் பொருள் எந்தப் பெயரில் விற்கிறது என்பதாவது அவர்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்