கரண்ட் பில் வேற, இன்கம் டாக்ஸ் வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல டாக்ஸ் ஸ்லாப் டேபிள், அதாவது எவ்ளோ வருமானத்துக்கு எத்தனை பர்சென்ட் வரின்னு, போடுறீங்க, நல்லது தான், ஆனா அதுக்கு கீழ ஒரே ஒரு கணக்கையும் போட்டு காட்டுனா புண்ணியமா போகும். போன வாரம் கல்மண்டபம் பக்கம் டீ குடிக்கும்போது எங்க தெரு பையன் ஒருத்தன், மணலில வேலை, மார்ச்ல வர்ற போனஸை ஏப்ரலுக்கு தள்ளிப் போடுங்கன்னு மேனேஜர் கிட்ட கெஞ்சிட்டு வந்து நிக்கிறான். ஏன்டான்னா, "16 லட்சம் தாண்டிட்டா மொத்தத்துக்கும் 20 பர்சென்ட் அடிச்சிருவாங்கண்ணே"ங்குறான். பி.இ. படிச்ச பையன்!

பஜ்ஜி வச்சி குடுத்த பேப்பர் ஓரத்துலயே எழுதி காட்டுனேன். புது வரி முறைல சம்பளக்காரங்களுக்கு கழிச்சி விடுற 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போக அவன் வருமானம் 15,90,000, போனஸ் 40,000. அந்த 40,000ல முதல் 10,000 இன்னும் 15 பர்சென்ட்ல தான் இருக்கு, அதுக்கு 1,500. மிச்சம் 30,000 தான் 20 பர்சென்ட்டுக்கு போகுது, 6,000. அந்த வரி மேல தனியா போடுற செஸ் 300 சேத்தா 7,800. பாக்கி 32,200 உன் பாக்கெட்ல டா, பழைய சம்பளத்து மேல இருக்குற வரி ஒத்த பைசா ஏறலன்னேன். எண்ணெய் கறையோட அந்த பேப்பரை மடிச்சி எடுத்துக்கிட்டான்.

இந்த பயம் எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சா எனக்கு கரண்ட் பில் தான் ஞாபகம் வருது. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டை ஒரு யூனிட் தாண்டுனாலும் நடுவுல ஓடுன யூனிட்டுக்கும் சேத்து ரேட் மாறிடுது இல்ல, அதுல சூடு பட்ட ஜனங்க இன்கம் டாக்ஸும் அப்படித்தான்னு நினைச்சிக்குது. லண்டன்ல இருக்குற எங்க அக்கா பொண்ணும் இதே கதை தான் சொல்லுது, அங்க 50,270 பவுண்டு தாண்டுனா 40 பர்சென்ட், ஆனா தாண்டுன காசுக்கு மட்டும் தான், அதுக்கே ஆபீஸ்ல ஓவர்டைம் வேணாங்குற ஆளுங்க இருக்காங்களாம்.

ஆனா ஒரு இடத்துல பயப்படுறது நியாயம், அதை தான் யாரும் எழுத மாட்டேங்குறீங்க. 2025-26லேர்ந்து "12 லட்சம் வரை வரி இல்லை"ன்னு கொட்டை எழுத்துல போட்டீங்க. அது ஸ்லாப் இல்லீங்க, வர்ற 60,000 வரியை தள்ளுபடி பண்றாங்க, அவ்ளோ தான், 4 லட்சத்துக்கு மேலயே 5 பர்சென்ட் ஆரம்பிச்சிடுது. 12 லட்சத்தை தாண்டுனா அந்த தள்ளுபடி கிடையாது, அதுக்கு பதிலா தாண்டுன தொகைக்கு மேல வரி போகாதுன்னு ஒரு சலுகை. சரி, சம்பளம் 12,75,000 வாங்குறவருக்கு அந்த 75,000 கழிச்சா 12 லட்சம் தான், வரி பூஜ்யம். 13 லட்சம் வாங்குறவருக்கு 25,000 வரி, அதுக்கு மேல செஸ் 1,000. அதாவது 25,000 கூட சம்பாதிச்சி 26,000 கட்டுறாரு! டிடக்‌ஷன் போக வருமானம் 12 லட்சத்துலேர்ந்து சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் வரைக்கும் இந்த கூத்து தான், எக்ஸ்ட்ரா வந்ததெல்லாம் அப்படியே போயிடும்.

அடுத்த வாட்டி டேபிள் போடும்போது இந்த 70 ஆயிரத்தை ஒரு கட்டம் கட்டி போடுங்க ஐயா. நம்ம பையன் அன்னைக்கே மேனேஜருக்கு போன் அடிச்சான், அவர் எடுக்கல.

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81