அப்பாவின் காலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் அப்பா தன் காலாலேயே நடந்து தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டு வந்தார். ஐப்பசி மழையில் அதே காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன், தெரிந்தவர்கள் அவர்களிடம் காட்டிவிடுங்கள்.

பழவேற்காட்டில் கெளுத்தி முள் குத்துவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்று விடியற்காலையில் முகத்துவாரத்துப் பக்கம் வலையை உதறும்போது அப்பாவுக்குக் கணுக்காலில் குத்தியது, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு அதே தண்ணீரில் இன்னும் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். மத்தியானம் குளிர்காய்ச்சல். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பூச்சிக்கடி என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது குறைந்துவிட்டது, ஏனென்றால் முள் குத்தினதை அப்பாவும் அங்கே சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. ராத்திரி பத்து மணிக்கு ரசம் கொண்டுவந்தவர், போர்வையை விலக்கிக் காலைப் பார்த்துவிட்டு, "இது பூச்சிக்கடி இல்லடா தம்பி, காலு கருக்குது" என்றார். அதுவரைக்கும் சிவப்பாக இருந்த இடத்தில் நாவல்பழ நிறத்தில் இரண்டு கொப்புளம். காலையில பாத்துக்கலாம் என்று நான் சொன்னதும் அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அக்கா, அந்தத் திட்டுக்கு ரொம்ப நன்றி.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் வெள்ளம் பாலத்தைத் தொட்டுவிடும் என்றார்கள். இறால் லோடுக்காக ஐஸ் அடித்து நின்றுகொண்டிருந்த லோடு ஆட்டோவில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, அந்த ஈரத்தில் பாயை விரித்து அப்பாவைப் படுக்கவைத்து, மழையோடு மழையாகச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அண்ணனுக்கு அன்றைய வருமானம் மொத்தமும் போச்சு.

அப்புறம் அந்த ராத்திரி டூட்டி டாக்டரம்மா. முப்பது வயதுகூட இருக்காது. காலைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடல் தண்ணி பட்டுதா? மீன் முள்ளு ஏதாவது குத்துச்சா?" அடுத்தது, "குடிப்பாரா?" அந்தக் காய்ச்சலிலும் அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். அம்மா, "தினமும்" என்றார். அம்மாவுக்கும் இங்கேயே ஒரு நன்றி. டாக்டரம்மா பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பக்கத்தில் 3.40 என்று எழுதினார். ஒரு மணி நேரத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை ஏறியிருந்தது. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின், செஃப்டாசிடிம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளையும் ஏற்றச் சொல்லிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த சர்ஜனைப் போனில் எழுப்பினார். விடிவதற்குள் ஆபரேஷன் தியேட்டர். செத்துப்போன சதையை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வெட்டி, பிறகு தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டிக் காலை மிச்சம் பிடித்த அந்த சர்ஜனிடம் நான் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐயா, இப்போது சொல்கிறேன், நன்றி.

கிருமியின் பெயர் விப்ரியோ வல்னிஃபிகஸ். வல்னிஃபிகஸ் என்றால் லத்தீனில் காயம் உண்டாக்குவது என்று அர்த்தமாம். லேப்பில் இருந்த தம்பி, கிருமியை வளர்த்த தட்டைப் போனில் படம் எடுத்துக் காட்டினார். காலராக் கிருமியும் இந்த விப்ரியோ வகைதான், ஆனால் அந்தத் தட்டில் காலரா மஞ்சளாக முளைக்கும், இது பெரும்பாலும் பச்சையாக முளைக்கும் என்றார். கழுவாத சட்டையில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், எனக்காகப் பத்து நிமிடம் நின்று விளக்கினார்.

சாக்கடை கலந்ததால் வந்ததா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, இது கடலிலேயே இயல்பாக இருக்கிற கிருமி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், உப்பு கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அதாவது மழைத் தண்ணீரும் கடலும் கலக்கிற நம் முகத்துவாரம் மாதிரி இடம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். நாம் எல்லோரும் தினமும் அதில்தான் நிற்கிறோம், நூற்றில் ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆவதில்லை. ஈரல் கெட்டவர்களைத்தான் அது தேடிப் பிடிக்கிறது, அவர்கள் ரத்தத்தில் இரும்புச்சத்து தாராளமாகக் கிடைக்குமாம், கிருமிக்கு அதுதான் தீனி. சுகர் இருந்தாலும் ஆபத்து கூடும். அப்பாவுக்கு இரண்டும் உண்டு. அமெரிக்காவில் இது வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார்கள், சிலர் ஓரிரு நாளிலேயே. அங்கே பலருக்குக் காயம்கூட இல்லை, ஆளி என்கிற சிப்பியைப் பச்சையாகச் சாப்பிட்டே வந்துவிடுகிறது. 2003-ல் கலிபோர்னியா, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெயில் காலத்தில் வரும் பச்சை ஆளிக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகுதான் அந்த மாநிலத்தில் ஆளியால் வந்த சாவுகள் கிட்டத்தட்ட நின்றன.

மீனை விட்டுவிடலாமா என்று கேட்கும் சித்திக்கு: வேண்டாம் சித்தி, கொதிக்கிற குழம்பில் இது பிழைக்காது. மீன் அரிந்த அதே அருவாமனையில் கழுவாமல் வெங்காயம் அரியாதீர்கள், அவ்வளவுதான். இதன் பங்காளி ஒன்று இருக்கிறது, பாராஹீமோலிடிகஸ், 1950-ல் ஒசாகாவில் ஷிராசு என்ற பொடிமீனைச் சாப்பிட்ட 272 பேரைப் படுக்கவைத்து 20 பேரைக் கொன்றபோதுதான் கண்டுபிடித்தார்கள். மீனை வெதுவெதுப்பில் வைத்தால் இந்தக் கிருமி பத்து நிமிடத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும், ஐஸில் அடங்கிக் கிடக்கும். நம் ஆட்கள் ஐஸுக்குக் கஞ்சத்தனம் செய்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

ரத்தம் கொடுக்க நனைந்துகொண்டே வந்த நான்கு கல்லூரிப் பையன்களுக்கு நான் ஒரு ஜூஸ்கூட வாங்கித் தரவில்லை. தினமும் கட்டு மாற்றும்போது அப்பாவிடம் எந்த மீன் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வலியை மறக்கடித்த சிஸ்டருக்கும், ஒட்டிய தோலைப் பார்த்து அழுத அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்த வார்டு ஆயாம்மாவுக்கும் நன்றி. மூன்று மாதமாகக் கடலுக்கே வராதவருக்குப் பங்கு ஒதுக்கி வைத்த படகுக்காரர்களுக்கு அப்பாவே நேரில் வந்து சொல்வதாக இருக்கிறார். காலில் முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லியிருக்கிறோம், இதைப் போட்டால் ஊரே சிரிக்கும் என்கிறார், சிரித்துவிடாதீர்கள்.

லோடு ஆட்டோ அண்ணா, நீங்கள் வேண்டாம் என்று திருப்பித் தந்த பணம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வீட்டில் இருங்கள்.