ஹரேம் என்றால் சல்லாப மாளிகையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இஸ்தான்புல் பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். போஸ்பரஸ் படகுப் பயணமும் மசாலாக் கடைவீதியும் அருமை. ஆனால் தோப்காபி அரண்மனையைப் பற்றிச் சொல்லும்போது, ‘ஹரேம் என்றால் சுல்தானின் சல்லாப மாளிகை’ என்கிறார் கட்டுரையாளர். நீங்களும் அதையே கொட்டை எழுத்தில் துணைத்தலைப்பாகப் போட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனம் சுருக்கென்றது. அந்தச் சொல்லுக்கு அது பொருளல்ல. அதன் உறவுச் சொற்களை நாள்தோறும் புழங்குகிற வீட்டிலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் விரிவாகவே எழுத இடம் கொடுங்கள்.

அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. ஹ-ர-ம் என்ற வேருக்கு விலக்கு, மீறக் கூடாத வரம்பு என்பதே அடிப்படைப் பொருள். தமிழ்நாட்டில் பலரும் கேள்விப்பட்ட ‘ஹராம்’ இந்த வேரில் முளைத்ததுதான். ஆனால் மக்காவில் கஅபாவைச் சுற்றியிருக்கும் பள்ளிவாசலின் பெயரும் மஸ்ஜிதுல் ஹராம். அங்கே அதற்குத் தகாதது என்றா பொருள்? வேட்டையாடவோ ரத்தம் சிந்தவோ மரம் வெட்டவோ கூடாத புனித எல்லை என்று பொருள். மக்கா, மதீனா இரண்டையும் சேர்த்து ஹரமைன் என்கிறோம். 1986 முதல் சவூதி மன்னர்கள் தங்களை ‘இரு ஹரம்களின் பணியாளர்’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள். முஹர்ரம் என்ற மாதப் பெயரும் இதே வேர்தான், போர் விலக்கப்பட்ட நான்கு மாதங்களில் அது ஒன்று.

ஹஜ்ஜுக்குப் போகிற ஆண் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகளை, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக உடுத்தி நிய்யத் (மனத்தில் எடுக்கும் உறுதி) வைத்துக்கொள்ளும் நிலைக்கு இஹ்ராம் என்று பெயர். அதன்பின் நகம் வெட்டக் கூடாது, முடி களையக் கூடாது, நறுமணம் பூசக் கூடாது. வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது அவர் பெட்டியிலிருந்த அத்தர் குப்பியை உம்மா எடுத்து அலமாரியில் பூட்டி வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மஹ்ரம் என்ற சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பெண் எந்தக் காலத்திலும் மணக்க முடியாத ஆண் உறவுக்கு மஹ்ரம் என்று பெயர்: தந்தை, மகன், உடன்பிறந்தவன், தாய்மாமன். (தாய்மாமனைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ள நம் மண்ணில், எங்கள் வீடுகளில் மாமா மஹ்ரம்.) மணம் விலக்கப்பட்டவர் என்பதாலேயே அவர் முன்னால் திரை தேவையில்லை. ஒரு பக்கம் விலக்கு, அதனாலேயே இன்னொரு பக்கம் உரிமை. இந்த வேரின் குணமே அதுதான்.

இஸ்லாமியச் சட்டத்தில் கிணற்றுக்கும் ஹரீம் உண்டு என்று சொன்னால் உங்கள் வாசகர்கள் வியப்பார்கள். தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு வெட்டினால், அதைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் வேறு யாரும் வந்து கிணறு தோண்டக் கூடாது. அந்த இடைவெளிதான் கிணற்றின் ஹரீம். கால்நடைகள் வந்து தண்ணீர் குடித்துப் படுத்து எழ இடம் வேண்டும் என்று, ஒரு நபிமொழி அதை 40 முழமாகச் சொல்கிறது. பக்கத்திலேயே இன்னொரு கிணறு இறங்கினால் ஊற்று என்ன ஆகும் என்று இராமநாதபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்க்காலுக்கும் ஹரீம் உண்டு, தூர்வாரிய மண்ணைக் கொட்டக் கரையோரம் விடும் இடம் அது. ஒன்றைக் காப்பதற்காக அதைச் சுற்றி விடும் வெளி, அவ்வளவுதான் பொருள். வீட்டில் அயலார் நுழையக் கூடாத உள்பகுதியும், அங்கே வாழும் பெண்களும் ஹரீம் என்று பெயர் பெற்றது இந்த வழியில்தான், துருக்கியர் சொல்லும் ஹரேமும் இதே குடும்பம்.

எபிரேயத்திலும் இந்த வேர் உண்டு. அங்கே ‘ஹேரெம்’ என்றால் சமூக விலக்கு. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் பின்னாளில் தத்துவ மேதையாகப் புகழ்பெற்ற 23 வயது ஸ்பினோசாவைத் தள்ளிவைத்தது ஒரு ஹேரெம் மூலம்தான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ரப்பி (யூத மதகுரு) கெர்ஷோம் பெயரால் வழங்கும் ஹேரெம். ஒருவன் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்ளக் கூடாது என்று ஐரோப்பிய யூதர்களுக்கு அது தடை விதித்தது. பலதார மணத்தின் சின்னமாக உலகம் நினைக்கிற சொல்லின் உடன்பிறப்பே அந்த மணத்துக்குத் தடையாகவும் இருந்திருக்கிறது.

பாரசீகத்தில் வீட்டின் பெண்கள் பகுதிக்கு ‘அந்தரூன்’ என்று பெயர், உட்புறம் என்று பொருள். நம் அந்தப்புரத்திலுள்ள ‘அந்தர்’ என்ற சமஸ்கிருதச் சொல்லும் பாரசீக ‘அந்தர்’ என்பதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இன்றைய ஈரானில் தனியுரிமைக்கு வழங்கும் சொல் ‘ஹரீமே குஸூஸி’. துருக்கியிலும் அதற்கு ‘மஹ்ரெமியெத்’ என்று இதே வேரில் பிறந்த சொல்தான். மரியாதைக்கு அவர்கள் சொல்லும் ‘ஹுர்மெத்’தும் இந்தக் குடும்பமே. ஒன்றை மட்டும் சேர்க்கக் கூடாது. 16ஆம் நூற்றாண்டு உதுமானிய சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெமின் பெயருக்கும் ஹரேமுக்கும் தொடர்பில்லை. அது மகிழ்ச்சியானவள் என்று பொருள்படும் பாரசீகச் சொல். ஷாஜஹானின் இயற்பெயரான குர்ரமும் அதுவே.

உதுமானிய சுல்தான்களின் அரண்மனையான தோப்காபிக்கே வருகிறேன். அங்கே ஹரேமில் தலைமை சுல்தானின் தாய்க்கு, ‘வாலிதே சுல்தான்’ என்பது அவர் பட்டம். 1623இல் நான்காம் முராத் 11 வயதில் அரியணை ஏறியபோது, ஆட்சிப் பொறுப்பைச் சுமந்தவர் அவர் தாய் கோசெம். ஹரேமின் காவலுக்கு நின்ற ஆண்மை நீக்கப்பட்ட அலிகளின் தலைவரே மக்கா, மதீனாவுக்கான அறக்கொடைச் சொத்துகளையும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மேற்பார்வை பார்த்தார். ஹரேமும் ஹரமும் ஒரே மேசையில் நிர்வாகம் ஆயின. 17ஆம் நூற்றாண்டிலிருந்து இளவரசர்களையும் அதே வளாகத்தில் காவலில் வைத்தார்கள். இரண்டாம் சுலைமான் 1687இல் சுல்தானாக வெளியே வரும் முன் சுமார் 40 ஆண்டுகள் அப்படி அடைபட்டுக் கிடந்தவர்.

இதையெல்லாம் சொல்வது அந்த இடத்துக்கு வெள்ளையடிக்க அல்ல. அங்கிருந்த பெண்களில் பெரும்பாலோர் காக்கசஸ், உக்ரைன், பால்கன் பகுதிகளிலிருந்து பிடித்தோ விலைக்கு வாங்கியோ கொண்டுவரப்பட்ட அடிமைகள். காவலுக்கு நின்ற ஆப்பிரிக்க அலிகள் சிறுவயதிலேயே உறுப்பு அறுக்கப்பட்டவர்கள். மீறக் கூடாதது என்று பெயரிட்ட இடத்தில் எத்தனையோ உயிர்களின் வரம்பு மீறப்பட்டது. அந்தக் கொடுமையை எழுதுங்கள், ஒரு வரியும் குறைக்காமல் எழுதுங்கள். ‘சல்லாபம்’ என்ற சொல் அந்தக் கொடுமையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

இந்தச் சல்லாபச் சாயம் ஐரோப்பாவில் ஏறியது. அரண்மனை என்று மட்டுமே பொருள்படும் பாரசீகச் ‘சராய்’ இத்தாலிக்குப் போய், பூட்டுவதைக் குறிக்கும் அவர்கள் சொல்லோடு கலந்து, பெண்களைப் பூட்டிவைக்கும் இடமாயிற்று. இத்தாலியில் அதே சொல்லுக்கு விலங்குக் காட்சிக்கூடம் என்றும் பொருள் உண்டு. ‘ஓடாலிக்’ என்றால் துருக்கியில் அறைப் பணிப்பெண், ‘ஓடா’ என்பது அறை. பிரெஞ்சு ஓவியங்களில் அவள் ஆடையின்றிச் சாய்ந்து கிடக்கிறாள். பிரிட்டிஷ் தூதரின் மனைவி மேரி வொர்ட்லி மாண்டேகு 1717இல், அன்று துருக்கியர் ஆட்சியிலிருந்த சோஃபியா நகரத்துப் பெண்கள் குளியலகத்துக்குள் போய்ப் பார்த்து, அங்கே அநாகரிகமான ஓர் அசைவைக்கூடக் காணவில்லை என்று எழுதினார். கீழை நாடுகளில் காலே வைக்காத ஆங்க்ர் என்ற பிரெஞ்சு ஓவியர் மேரியின் கடிதத்திலிருந்து குறிப்பெடுத்து 1862இல் வரைந்து முடித்த ‘துருக்கிக் குளியல்’, முழுக்க நிர்வாண உடல்கள். நேரில் போனவர் எழுதியதைவிட, போகாதவர் வரைந்ததைத்தான் உலகம் நம்பியது. இன்று ஆண் கடற்சிங்கத்தைச் சுற்றியுள்ள பெண் கூட்டத்துக்கும் ஹரேம் என்றே பெயர், ஆன்லைனில் விற்கும் தொளதொள கால்சட்டைக்கும் அதே பெயர்.

தொடரின் அடுத்த பகுதி ஃபதேபூர் சிக்ரி என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கேயும் ‘அக்பரின் அந்தப்புர அழகிகள்’ என்று தலைப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம். அக்பரின் ஹரேமில் அவர் தாய் ஹமீதா பானுவும் இருந்தார், அத்தை குல்பதன் பேகமும் இருந்தார். நடுத்தர வயதைக் கடந்த அந்த அத்தை 1570களின் நடுவில் அரச குடும்பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சிக்ரியிலிருந்து புறப்பட்டார். சூரத்தில் கப்பலேறி மக்கா போய், பலமுறை ஹஜ் செய்து, 1582இல்தான் நாடு திரும்பினார். பிறகு அக்பர் கேட்டுக்கொண்டதால் தன் அண்ணன் ஹுமாயூனின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதினார். அந்தக் குடும்பத்தின் பிறப்பும் சாவும் சண்டையும் சமாதானமும் உள்ளிருந்து பார்த்த கண்ணால் அதில் பதிவாகியிருக்கின்றன. சிக்ரியைப் பற்றி எழுதும்போது குல்பதனுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லிக் கட்டுரையாளரிடம் தெரிவியுங்கள்.

தங்கள் வாசகி,
கீழக்கரை