மிடில் பெர்த் சங்கிலியைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் இரவு வண்டி என்றால் போட் மெயில், சேது, சிலம்பு. இவற்றில் சேது போல நேரம் கழித்து வரும் வண்டியில் கீழே இருப்பவர் தூங்கிய பிறகுதான் நம்மூர்க்காரர் ஏறுகிறார். விளக்கணைந்த பெட்டியில், அவரை எழுப்ப மனமில்லாமல், அவர் தலைக்கு மேலேயே மிடில் பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டுகிறார். இது மிகவும் ஆபத்தானது. 2024 ஜூனில் டெல்லி நோக்கிச் சென்ற ஒரு வண்டியில் மேலிருந்து பெர்த் விழுந்து, கீழே இருந்த பயணி உயிரிழந்தார். சங்கிலி சரியாக மாட்டப்படவில்லை என்றுதான் ரயில்வே விளக்கம் தந்தது.

கீழே இருப்பவரை எழுப்பி நகரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை மிடில் பெர்த்தை விரித்துப் படுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒருவர் பலகையை அடியிலிருந்து தாங்க, மற்றவர் மாட்டுவதே நல்லது. தனியாக மாட்டினால் ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் அரைகுறையாக நிற்கும். பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். வண்டி ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் குலுக்கலில் கழன்றுவிடும். மாட்டியதும் கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டு சங்கிலிகளின் கொக்கிகளும் முழுதாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இரு மூலையிலும் கையூன்றி, உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். அதன் பின்தான் ஏற வேண்டும். சங்கிலியைப் பிடித்துத் தொங்கி ஏறுவதும், அதில் பை மாட்டுவதும் கூடாது. மற்றவர் மாட்டி வைத்திருந்தாலும் இதே சோதனை தேவை.

கொக்கி வளைந்தோ தேய்ந்தோ இருந்தால் படுக்கவே வேண்டாம். டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், ரயில்வே உதவி எண் 139-லும் பெட்டி எண், பெர்த் எண்ணோடு புகார் செய்யலாம்.

ரயில்வேக்கும் ஒரு வேண்டுகோள். பழைய நீல ஸ்லீப்பர் பெட்டியில் மொத்தம் 72 பெர்த், அதில் மிடில் 18. புது வகை எல்.எச்.பி. பெட்டியில் 80-க்கு 20. பெர்த்துக்கு இரண்டு வீதம் 36 அல்லது 40 சங்கிலிகள். வண்டி புறப்படுமுன் பராமரிப்பு இடத்தில் ஒவ்வொன்றையும் மாட்டி, எடை கொடுத்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. மாட்டும் முறையைப் படத்தோடு தமிழில் ஒவ்வொரு பகுதியிலும் ஒட்டலாம்.

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று கூட்டமாகக் கிளம்பும் வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால், ஆச்சிக்கும் ஐயாவுக்கும் உரிய லோயர் பெர்த் ஒதுக்கீடு பொருந்தாது. 60 வயது நிறைந்த ஆண், 45 வயது நிறைந்த பெண் தனியாகவோ, இப்படி இருவராகவோ எடுக்கும் டிக்கெட்டுக்கே அது உண்டு. பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுங்கள்.

ரயில் பெட்டிப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றோர்,
காரைக்குடி.