போர்ட் திறந்திருக்கிறது, சேவை எழவில்லை: சாக்கெட் லேபிள் பற்றி ஒரு மடல்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் தளங்களைப் புதிய சர்வர்களுக்கு மாற்றியதிலிருந்து ஒரே மாதிரியான டிக்கெட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஃபயர்வாலில் போர்ட்டை (சேவைக்கான எண்ணிட்ட வாசலை) திறந்தாயிற்று, ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு) அனுமதியும் இருக்கிறது, சேவை மட்டும் எழ மாட்டேன் என்கிறது. கூடவே, "அந்த எஸ்.இ.லினக்ஸை அணைத்துவிடுங்களேன்" என்று ஒரு வேண்டுகோள். (லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு அது.) அணைக்க மாட்டோம். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

லினக்ஸின் வழக்கமான அனுமதி முறையில் ஒரு கோப்பை யார் தொடலாம் என்பதை அதன் உரிமையாளர் முடிவு செய்கிறார். ரூட் கணக்கை அநேகமாக எதுவும் தடுப்பதில்லை. எஸ்.இ.லினக்ஸ் தரும் கட்டாய அணுகல் கட்டுப்பாடு வேறு வகை. அங்கே ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் எந்த லேபிளை என்ன செய்யலாம் என்பது பாலிசி என்னும் விதித் தொகுப்பில் எழுதியிருக்கும். எழுதாதது கிடையாது, ரூட்டாக இருந்தாலும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட எஸ்.இ.லினக்ஸ், 2.6 கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் லினக்ஸோடே வருகிறது.

சாக்கெட்டும், அதாவது ஒரு நிரல் மற்ற நிரல்களோடு பேசும் இணைப்பு முனையும், அப்படி ஒரு பொருள்தான். ஒரு நிரல் சாக்கெட்டை உருவாக்கும்போது, வேறு லேபிள் வேண்டும் என்று அது கேட்காவிட்டால், தன் லேபிளே சாக்கெட்டுக்கும் வந்துவிடும். போர்ட் எண்களுக்கும் லேபிள் உண்டு. 80, 443 ஆகியவை வலை சேவைக்கான லேபிளில் இருக்கின்றன, 22 தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.எச்-சின் லேபிளில். எஞ்சின்எக்ஸ் என்ற வலை சேவையகம் ஒரு போர்ட்டில் உட்காரப் போகும்போது கர்னல் இந்த இரண்டையும் ஒப்பிடுகிறது. ஃபயர்வாலுக்கு இதில் வேலையே இல்லை.

போன வாரம் வந்த ஒன்றைச் சொல்கிறோம். எஞ்சின்எக்ஸை 8081-இல் வைத்திருந்தார் ஒருவர். ரூட்டாக நுழைந்து கையால் ஓட்டினால் ஓடுகிறது. சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி வழியாகச் சேவையாக ஓட்டினால் அனுமதி மறுப்பு. பேய் பிடித்த மாதிரிதான் தெரியும். உண்மையில், கையால் ஓட்டியபோது நிரல் ரூட் ஷெல்லின் கட்டுப்பாடற்ற லேபிளிலேயே ஓடியது. சேவையாக ஓடியபோதுதான் வலை சேவையகத்துக்கு உரிய லேபிள் கிடைத்தது. 8081-ஓ பாலிசியில் ஏற்கெனவே வேறொரு பிராக்ஸிக்கு (இடைநிலைச் சேவைக்கு) ஒதுக்கப்பட்ட எண். அதனால் புதிதாகச் சேர்க்கும் கட்டளை "முன்பே இருக்கிறது" என்று திருப்பி அனுப்பும். இருப்பதை மாற்றும் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். மாற்றியதும் சரியாயிற்று.

அவரே முதலில் 40000-க்கு மாற்றிப் பார்த்திருக்கிறார், ஓடியிருக்கிறது. வெளியே போகும் இணைப்புகளுக்காகக் கர்னல் எடுத்துக்கொடுக்கும் எண்கள் வழக்கமாக 32768 முதல் 60999 வரை. அந்த வரம்புக்குள் உட்காருவதற்கு இந்தச் சோதனை நடப்பதில்லை. ஆனால் அதே எண்ணை என்றாவது வேறொரு நிரலுக்குக் கர்னல் கொடுத்துவிட்டால், உங்கள் சேவை மறுதொடக்கத்தில் எழாது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உள்ளே வருவதற்கு மட்டுமல்ல, டி.சி.பி என்ற இணைப்பு முறையில் வெளியே இணைவதற்கும் லேபிள் சோதனை உண்டு. எஞ்சின்எக்ஸ் பின்னால் இருக்கும் செயலியோடு பேச முடியாமல் 502 என்ற பிழையைக் காட்டினால், வலை சேவையகம் பிறரோடு இணையலாமா என்ற ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது அது அணைந்தேதான் இருக்கும். யுனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) என்றால் இன்னும் கொஞ்சம் சிக்கல்: கோப்பாகத் தெரியும் சாக்கெட்டுக்கு ஒரு லேபிள், அதன் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 அனுமதியைக் கொடுத்துப் பயன் இல்லை. (அதைக் கொடுத்துவிட்டு எடுக்க மறப்பவர்களே அதிகம்!)

இந்த லேபிள் கம்பி வழியே அடுத்த கணினிக்குப் போகுமா என்று ஒருவர் கேட்டார். தானாகப் போகாது. ஃபயர்வால் விதிகளால் பாக்கெட்டுக்கு ஒட்டும் லேபிளும் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். அடுத்த கணினிக்கு அனுப்ப சிப்சோ (பாக்கெட்டிலேயே லேபிளை எழுதும் முறை), லேபிளிட்ட ஐபிசெக் (பாதுகாக்கப்பட்ட இணைப்போடு லேபிளைச் சேர்க்கும் முறை) என்று வழிகள் உண்டு. சிப்சோ ஐபி தலைப்பின் விருப்பப் பகுதியில் ஏறுகிறது. அங்கே இடம் மொத்தமே 40 பைட். வழியில் உள்ள பல ரவுட்டர்கள் அப்படிப்பட்ட பாக்கெட்டுகளைக் கொட்டிவிடும். உங்கள் தளங்களுக்கு அது தேவையும் இல்லை, நாங்கள் வைக்கவும் இல்லை.

அப்புறம் ஒரு ஒப்புதல். இடமாற்றத்தின்போது ஒரு சர்வரில் எஸ்.இ.லினக்ஸை, எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் வைத்தோம், திருப்பி மாற்ற மறந்துவிட்டோம். பல நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. இப்போது தினமும் காலையில் எல்லா சர்வர்களிலும் அந்த நிலையைச் சரிபார்க்கிறோம்.

இனி புதிய போர்ட் வேண்டுமென்றால் எண், டி.சி.பி-யா யு.டி.பி-யா, எந்த நிரல், அதை எது தொடங்குகிறது என்பதை டிக்கெட்டில் எழுதுங்கள். மறுப்பு வந்திருந்தால் ஆடிட் லாகில் (மறுப்புகள் பதிவாகும் கோப்பில்) உள்ள அந்த வரியை முழுதாக ஒட்டுங்கள். கேட்டவரின் லேபிள், கேட்கப்பட்டதின் லேபிள், என்ன செய்யப் பார்த்தது என மூன்றும் அதிலேயே இருக்கும். படம் பிடித்து அனுப்ப வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புக் குழு