லேப்டாப்பை ஒப்படைக்கும் முன்

அன்புள்ள அம்மணிக்கு,

பழைய லேப்டாப்பை வெள்ளிக்கிழமை ஆபீசில் ஒப்படைக்கப் போகிறாய், அதில் விண்டோஸை அழித்துவிட்டு வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று சொன்னாய். டிஜிட்டல் சான்றிதழ்களை எடுத்தாயா என்று கேட்டால், “அதெல்லாம் டோக்கன்லதானே இருக்கு” என்கிறாய். கையொப்பம் போட யூஎஸ்பியில் செருகுவாயே, அந்தச் சின்னக் கருவியைச் சொல்கிறாய். பாதி சரி. மீதிப் பாதியைப் போனில் சொன்னால் காதில் ஏறாது. லேப்டாப்பைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி.

ஸ்டார்ட் மெனுவில் ‘மேனேஜ் யூசர் சர்டிபிகேட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தேடு. திறக்கும் ஜன்னலின் இடப்பக்கம் வரிசையாக ஃபோல்டர்கள் இருக்கும். ‘மேனேஜ் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்ஸ்’ என்று இன்னொன்றும் உண்டு. அது அந்த மெஷினுக்கே பொதுவானது, அட்மின் அனுமதி கேட்கும். ஒன்றில் போட்டுவிட்டு மற்றொன்றில் தேடி, காணோம் என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். உன்னுடையது முதலாவதில் இருக்கும்.

பர்சனல் ஃபோல்டரைத் திற. ஒவ்வொரு வரியிலும் யாருக்கு, யார் கொடுத்தது, எப்போது காலாவதி, எந்த உபயோகத்துக்கு என்று இருக்கும். ஒரு வரியை டபுள் கிளிக் செய்து, ஜெனரல் பக்கத்தின் அடியைப் பார். சின்னச் சாவிப் படமும், இந்தச் சான்றிதழுக்கான பிரைவேட் கீ உன்னிடம் உள்ளது என்ற வரியும் இருக்கிறதா? பிரைவேட் கீ என்பது கையொப்பம் போடவும் பூட்டியதைத் திறக்கவும் வேண்டிய ரகசியச் சாவி. சாவி இல்லாதது வெறும் நகல். அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், தொலைந்தாலும் நஷ்டமில்லை. சாவி உள்ளவற்றுக்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சாவிப் படம் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். டோக்கனைச் செருகியதும் அதிலுள்ள சான்றிதழின் நகல் இந்தப் பட்டியலில் வந்து உட்காரும், சாவியோ டோக்கனுக்குள்ளேயே இருக்கும். அதனால் டோக்கனைப் பிடுங்கிவிட்டு எஃப்5 அழுத்து. சில டோக்கன் மென்பொருள்கள் அந்த வரியை எடுத்துவிடும், சில அப்படியே விட்டுவைக்கும். வரி நின்றாலும், கையொப்பமிடப் போனால் டோக்கனைச் செருகு என்று கேட்கும். இந்த வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். புதிய லேப்டாப்பில் டோக்கனுக்கான டிரைவரைப் போட்டுச் செருகினால் அங்கேயும் வரும்.

டோக்கனில் இல்லாமல் லேப்டாப்பிலேயே சாவி உள்ளவை எவை என்று பிரித்துக்கொள். அவற்றில் உபயோகம் என்ற இடத்தில் ‘என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம்’ என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நில். எப்போதோ ஒரு ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய், உள்ளடக்கத்தை என்கிரிப்ட் செய், அதாவது பூட்டு, என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பாய். அப்போது விண்டோஸ் தானாகவே உண்டாக்கிய சான்றிதழ் அது. நீ லாகின் செய்ததும் அந்தக் கோப்புகள் எதையும் கேட்காமல் திறப்பதால், பூட்டியிருப்பதே நினைவில் இருக்காது. ஐகானில் சின்னப் பூட்டுப் படம் மட்டும் தெரியும். அதே கோப்பைப் பூட்டோடு நகலெடுத்துப் புதிய மெஷினில் திறந்தால் ‘ஆக்சஸ் டினைட்’ என்று வரும். அதற்குள் பழைய விண்டோஸை அழித்திருந்தால் சாவியும் போயிருக்கும். அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இதில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். கையொப்பச் சாவியும் என்கிரிப்ஷன் சாவியும் ஒரே மாதிரி தெரிந்தாலும் தன்மை வேறு. கையொப்பச் சாவி காலாவதியானால் தூக்கிப் போடலாம். முன்பு போட்ட கையொப்பங்களைச் சரிபார்க்கச் சான்றிதழின் நகலே போதும். என்கிரிப்ஷன் சாவி காலாவதியானாலும் அதால் பூட்டியவை இருக்கும்வரை வேண்டும். டெண்டர் வேலைக்கு வாங்கும் டிஎஸ்சியில், அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழில், இந்த இரண்டும் தனித்தனியாக இருக்கும். புதுப்பித்தபின் ‘பழசுதானே’ என்று டோக்கனில் இரண்டையும் அழித்துவிட்டு, பழைய கோப்பைத் திறக்க முடியாமல் விழிப்பது இதனால்தான்.

இனி எடுக்கும் முறை. வரியின் மேல் ரைட் கிளிக், ஆல் டாஸ்க்ஸ், எக்ஸ்போர்ட். முதல் கேள்வியிலேயே பிரைவேட் கீயையும் எடு என்பதைத் தேர்ந்தெடு. ‘வேண்டாம்’ என்பதுதான் முன்பே குறித்திருக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திப் போனால் கடைசியில் சிஇஆர் கோப்பு ஒன்று கிடைக்கும், அதில் சாவி இருக்காது. உனக்கு வேண்டியது சாவியும் சேர்ந்த பிஎஃப்எக்ஸ் கோப்பு. ‘வேண்டும்’ என்ற தேர்வு மங்கலாக இருந்தால், உள்ளே போடும்போதே சாவியை வெளியே எடுக்க முடியாதபடி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது முதலில் வந்த பிஎஃப்எக்ஸ் கோப்பைத் தேடு, இல்லாவிட்டால் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

அடுத்த பக்கத்தில், இதைக் கொடுத்தவர்களின் சான்றிதழ்களையும் சேர் என்பதில் டிக் இருக்கட்டும். எக்ஸ்போர்ட் முடிந்ததும் பிரைவேட் கீயை அழி என்பதில் மட்டும் டிக் வேண்டாம். புதிய இடத்தில் சோதிக்கும் முன்பே பழையது போய்விடும். பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தில் ஏஇஎஸ்256 முறையைத் தேர்ந்தெடு. பழைய விண்டோஸ் பதிப்புகள் சில அதைப் படிக்காது, சரியான பாஸ்வேர்டையே தவறு என்று சொல்லும். உன் புதிய லேப்டாப்புக்கு அந்தச் சிக்கல் வராது. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, பென்டிரைவ் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் வை. பிஎஃப்எக்ஸை உனக்கு நீயே மெயிலில் அனுப்பிக்கொள்ளாதே. டெஸ்க்டாப்பிலும் விட்டுவைக்காதே.

புதிய மெஷினில் அந்தக் கோப்பை டபுள் கிளிக் செய்து, ‘கரன்ட் யூசர்’ தேர்ந்தெடுத்து, இடம் கேட்கும்போது பர்சனல் என்று நீயே காட்டு. அடுத்த முறை மெஷின் மாற்றும்போதும் எடுக்க வேண்டுமென்றால், சாவியை எக்ஸ்போர்ட் செய்யக்கூடியதாகக் குறி என்பதில் டிக் போடு. மற்றவர்களும் உட்காரும் மெஷின் என்றால் போடாதே.

டோக்கன் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. பாஸ்வேர்டைச் சில முறை தவறாகப் போட்டால் அது பூட்டிக்கொள்ளும். உடனே ‘இனிஷியலைஸ்’ பட்டன் கண்ணில் படும். அதைத் தொட்டால் உள்ளே இருக்கும் சாவியெல்லாம் அழிந்துவிடும். சாவிக்கு வேறு நகல் கிடையாது. அழிந்தால் அடையாளச் சரிபார்ப்பு முதல் எல்லாம் மறுபடி. இன்னொன்று, கிளையன்ட்களின் டோக்கனையும் பாஸ்வேர்டையும் சேர்த்து ஆபீஸ் டிராயரில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 42ஆம் பிரிவு, சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் பொறுப்பைச் சான்றிதழ்தாரர் தலையில்தான் வைக்கிறது.

அடோபி ரீடரில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி வருகிறது என்று கேட்டிருந்தாய். கையொப்பம் தவறு என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தச் சான்றிதழின் தலைமூலத்தை, அதாவது ரூட்டை, அடோபி நம்பவில்லை, அவ்வளவுதான். கையொப்பத்தின் பிராப்பர்ட்டீஸில் சான்றிதழைக் காட்டு என்று போனால் இடப்பக்கம் ஒரு சங்கிலி தெரியும். அதில் உச்சியில் உள்ள ‘சிசிஏ இந்தியா’வை (சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தரும் அரசு அலுவலகம்) தேர்ந்தெடுத்து, டிரஸ்ட் பக்கத்தில் சேர். பலர் கடைசியில் இருக்கும் ஆளின் சான்றிதழையே சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த ஆளின் கையொப்பத்தில் மறுபடி கேள்விக்குறி வரும். அடோபியின் பட்டியல் தனி என்பதால் புதிய லேப்டாப்பிலும் இதைச் செய்ய வேண்டும். சேர்க்கும் முன் அதன் தம்ப்பிரின்ட் என்ற அடையாளக் குறியின் 40 எழுத்துகளையும் சிசிஏ தளத்திலிருந்து இறக்கிய ரூட் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்.

ஒப்பிடச் சொல்வது வெறும் பயத்தில் இல்லை. டிரஸ்டட் ரூட் என்ற, விண்டோஸ் நம்பும் ரூட்களின் பட்டியலில் ஒன்றை அனுமதித்தால், அது எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் கொடுக்கலாம், உன் மெஷின் நம்பும். 2014இல் லெனோவோ லேப்டாப்களில் வந்து 2015இல் அம்பலமான சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இப்படி ஒரு ரூட்டைப் போட்டிருந்தது. எல்லா மெஷினிலும் ஒரே சாவி. மென்பொருளை நீக்கியபின்பும் ரூட் அங்கேயே இருந்தது, அதைத் தனியாக அழிக்க வேண்டியிருந்தது. முறையான உரிமம் இருந்தாலும் தவறு நடக்கும்: 2014 ஜூலையில் நம் அரசின் தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) வழியாகவே கூகுள் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்து, அவற்றை மைக்ரோசாஃப்ட் நம்பாதவை பட்டியலில் போட்டது. அதற்காக, காலாவதியானது என்று கண்ட ரூட்டையெல்லாம் அழித்துச் சுத்தம் செய்யாதே. பழைய கையொப்பங்களைச் சரிபார்க்க மைக்ரோசாஃப்டின் சில பழைய ரூட்கள் விண்டோஸுக்கே தேவை.

எல்லாத் தளத்திலும் ஒரே நேரத்தில் சான்றிதழ் பிழை வந்தால், வேறெதையும் தொடும் முன் கம்ப்யூட்டரின் தேதியைப் பார். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும்.

வியாழக்கிழமை ராத்திரியே, பூட்டுப் படம் உள்ள கோப்பு ஒன்றைப் புதிய லேப்டாப்பில் திறந்து பார். திறக்கவில்லையென்றால் பழையதை வெள்ளிக்கிழமை கொடுக்காதே. திங்கட்கிழமை கொடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா