செயலாளரின் ஆண்டறிக்கை: ஓர் அம்பாசிடரும் ஓர் எர்த் பட்டையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நம் பழைய கார் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஐப்பசி மழையில் ஒருமுறை மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த விதிப்படி 'விஏ' வரிசைப் பதிவு எண் வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வாங்கிவிட்டால் வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்க முடியாது. வடசேரி சந்தையிலிருந்து டிக்கியில் வாழைக்குலை ஏற்றி வருகிற நம்மவர்களுக்கு இது சரிப்படாது என்பது என் கருத்து.

ஆண்டின் பெரும்பகுதியைத் தின்றது துணைத் தலைவரின் 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2. குளச்சல் உப்புக்காற்றில் பல ஆண்டு நின்ற வண்டி, தளம் சல்லடையாகியிருந்தது. டிங்கரிங்கும் பெயின்டிங்கும் முடிந்தன. 1489 சிசி எஞ்சினை இறக்கி, சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங் முடித்து, புது பிஸ்டன், ரிங், பேரிங், கேம்ஷாஃப்ட் போட்டு ஏற்றினோம். முதல் ஸ்டார்ட்டுக்கு முந்தைய நாள் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ஹேண்டிலால் சுற்றி, ஆயில் மேலே ராக்கர் வரை ஏறியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேங்காய் உடைத்தாயிற்று, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, துணைத் தலைவர் வீட்டு முந்திரிக்கொத்தும் வந்தாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஒரு முனகல் முனகி அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிஸ்டன் இறுக்கம் என்றார் ஒருவர். லேத் பட்டறையில் போரிங்கைக் கெடுத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். முந்தைய நாள் கையால் சுற்றிய எஞ்சின் ஓரிரவில் எப்படி இறுகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மூன்று பேட்டரி மாற்றினோம். எஞ்சினை மறுபடி இறக்க, சங்கிலிக் கப்பிக்கு ஆள் அனுப்பும் வரை பேச்சு போய்விட்டது.

அப்போது, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கைத் தள்ளப் போன பொருளாளர் கையை உதறினார். குமிழ் சுட்டது. சோக் கேபிளின் உறையிலிருந்து மெல்லிய புகை. டிப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒன்றும் பேசாமல் ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு நுனியைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு நுனியை எஞ்சின் பிளாக்கிலும் கடிக்கவைத்தார். செல்ஃப் சுழன்றது.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் மின்சாரம் போய்வர இருக்கிற ஒரே நல்ல வழி எர்த் பட்டை. அதை நாம் பளபளக்கும் புதுப் பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தோம். வழி கிடைக்காத மின்சாரம், பாடியையும் எஞ்சினையும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன சோக் கேபிள் வழியாகப் பாய்ந்திருக்கிறது. பெயின்ட்டை எமரித் தாளால் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் பட்டையைப் பூட்டி, துருப்பிடிக்காமலிருக்க மேலே வாஸலின் தடவினோம். எமரித் தாளுக்குப் பொருளாளர் ரசீது கேட்டார். அதுவும் கோப்பில் இருக்கிறது.

இப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாகத் தும்மியது, சைலன்சரில் வெடித்தது. இம்முறை யாரையும் வாய் திறக்க விடாமல் முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றச் சொன்னேன். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அது கம்ப்ரஷன். அந்த நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டெல்கோவின் மூடியைத் திறந்தால், உள்ளே சுழலும் ரோட்டர் முதல் சிலிண்டரை விட்டுவிட்டு நாலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்டன் இரண்டு சுற்றில் இரண்டு முறை மேலே வரும்: ஒருமுறை கம்ப்ரஷனுக்கு, மறுமுறை புகையை வெளியேற்ற. புகை வெளியேறும் முறையைக் கம்ப்ரஷன் என்று எண்ணி டெல்கோவைப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டியது யார் என்று பதிவேட்டில் இல்லை. நான்தான். பிளக் வயர்களை 1-3-4-2 வரிசை மாறாமல் அரைவட்டம் தள்ளிச் செருகியதும் முதல் திருப்பிலேயே பிடித்தது.

வால்வுகளைத் திறக்கும் புதுக் கேம்ஷாஃப்ட்டுக்காக முதல் இருபது நிமிடம் ஐட்லிங்கில் விடாமல் சுமார் 2000 சுற்றில் வைத்திருந்தோம். ரிங் படியும் வரை நீலப் புகை கொஞ்சம் வந்தது, பிறகு நின்றது. முதல் 500 கிலோமீட்டரைத் தக்கலை, திங்கள்சந்தை, பேச்சிப்பாறை என்று வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டி முடித்து, ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கி, வால்வு டாப்பெட் இடைவெளியை 15 தௌவுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு, வைத்தோம். ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து ஏறியபோதும் வெப்பமுள் அசையவில்லை.

சங்கத்துக்கு ஒரு கம்ப்ரஷன் கேஜும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். எஞ்சின் இறக்கும் தீர்மானம் எதுவானாலும், இவ்விரண்டின் அளவும் எழுதிய தாள் இல்லாமல் செயற்குழு அதை எடுத்துக்கொள்ளாது. இடைவெளி அளக்கும் சங்கத்தின் ஃபீலர் கேஜ் டாப்பெட் வேலை முடிந்த அன்றிலிருந்து காணவில்லை. வைத்திருப்பவர் தேநீர் இடைவேளைக்குள் மேசைமேல் வைத்துவிட்டால் பெயர் எழுதப்படாது.

இப்படிக்கு,
செயலாளர்